பழைய நகரை வழிகாட்டியின்றி நடந்தே பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில் ஒரு வரைபடத்தோடும் சில குறிப்புகளோடும், வழிகாட்டி எவருமின்றிப் பழைய நகரங்களை நடந்து பார்க்க விரும்புவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை கூறப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டுகள் பல நாட்டு நகரங்களிலிருந்து வந்தாலும், சொல்லப்படும் முறை எந்தப் பழைய நகருக்கும் பொருந்தும்.

வழிகாட்டி இல்லாத மரபு நடை என்றால் சரியாக என்ன?

முன்கூட்டியே வகுத்துக்கொண்ட ஒரு பாதையில், நாம் விரும்பும் நேரத்தில், நம் கால்களுக்கு ஏற்ற வேகத்தில், எங்கே நிற்பது எங்கே நகர்வது என்பதை நாமே முடிவு செய்துகொண்டு நடப்பது அது. பாதையை நாமே வகுக்கலாம்; நகராட்சியோ வரலாற்று ஆர்வலர் குழுவோ வெளியிட்ட கையேட்டைப் பின்பற்றலாம். சில நகரங்கள் கையேட்டுக்கும் வேலை வைக்காமல் பாதையைத் தரையிலேயே வரைந்துவிட்டன. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள ஃப்ரீடம் டிரெயில் இவ்வகையில் பெயர் பெற்றது. வில்லியம் ஸ்கோஃபீல்டு என்ற பத்திரிகையாளர் 1951இல் முன்வைத்த யோசனையிலிருந்து அது பிறந்தது. 1958இல் அதற்குச் சிவப்புக் கோடு வந்தது. சில இடங்களில் செங்கல்லாகவும் சில இடங்களில் சாயமாகவும் ஓடும் அந்தக் கோடு, ஏறத்தாழ 4 கி.மீ. தொலைவில் 16 இடங்களை இணைக்கிறது. ஜெர்மனியின் ஹானோவர் நகரிலும் 4.2 கி.மீ. நீளச் சிவப்புக் கோடு ஒன்று 36 இடங்களைத் தொட்டுச் செல்கிறது.

கால் போன போக்கில் சுற்றுவதும் இனியதுதான். ஆனால் அது வேறு வகை. இங்கே பேசப்படுவது ஒரு நோக்கத்தோடு நடப்பதைப் பற்றி.

வழிகாட்டியோடு போவதைவிட இது மேலானதா?

எப்போதும் அல்ல. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் சுவராகத் தெரியும் வீடுகள் நிறைந்த நகரங்களில், கதவைத் திறக்கச் சொல்லும் உரிமையும் பழக்கமும் உள்ளூர்க்காரருக்கு மட்டுமே உண்டு. மொராக்கோவின் ஃபெஸ் நகரின் பழைய பகுதியில் வண்டிகள் ஓடுவதில்லை. சரக்கு கழுதைமீது போகிறது. வீடுகள் தெருவுக்கு முதுகைக் காட்டி உள்முற்றத்தை நோக்கித் திரும்பியிருக்கின்றன. அத்தகைய ஊரில் முதல் நாள் ஒரு நல்ல வழிகாட்டியோடு நடந்துவிட்டு, இரண்டாம் நாள் தனியாக அதே தெருக்களுக்குத் திரும்புவது மிகச் சிறந்த ஏற்பாடு.

வழிகாட்டி இல்லாத நடையின் உண்மையான ஆதாயம் நேரம்தான். குழுவோடு போகும்போது ஒரு வாயில்நிலையின் செதுக்கலை ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. பிடிக்காத அருங்காட்சியகத்தைத் தாண்டிப் போகவும் முடியாது. தனியாகப் போகும்போது இரண்டும் முடியும். அதற்கு ஈடாக, கேள்வி எழுந்தால் பதில் சொல்ல ஆள் இருக்காது என்பதை ஏற்றுக்கொண்டே கிளம்ப வேண்டும்.

முதல் நடையை எப்படித் திட்டமிடுவது?

பெரும்பாலோர் பார்க்க வேண்டிய இருபது இடங்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் குறுக்கு வழியாக இணைத்து, அதையே பாதை என்று எடுத்துக்கொள்கிறார்கள். மாலையில் கால் கடுக்கத் திரும்பும்போது இருபது படங்கள் இருக்கும். அந்த ஊர் ஏன் அப்படி இருக்கிறது என்பது மட்டும் விளங்கியிருக்காது. நுனிப்புல் மேய்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

என்னைக் கேட்டால், ஒரு நடைக்கு ஒரு கேள்வி போதும். இந்த ஊர் எந்தத் தண்ணீரைக் குடித்தது? மதில் எங்கே இருந்தது, இப்போது அது என்ன ஆயிற்று? சரக்கு எந்தக் கரையில் இறங்கி, எந்தத் தெரு வழியாகச் சந்தைக்குப் போயிற்று? இவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால், எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்தக் கேள்வியே சொல்லிவிடும்.

வெனிஸை எடுத்துக்கொள்வோம். உப்பு நீர்க் கழியின் நடுவே நிற்கும் அந்த நகரில் நன்னீர் ஊற்று கிடையாது. நகரின் சதுக்கங்களில் நடுவே செதுக்கிய கல்லால் ஆன கிணற்று வாய் ஒன்று நிற்பதைக் காணலாம். வருவோரில் பலர் அதன்மேல் பையை வைத்து ஓய்வெடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சற்றுக் குனிந்து தரையைப் பார்த்தால், கிணற்றைச் சுற்றிச் சில அடி தள்ளித் துளையிட்ட கற்கள் பதிந்திருப்பதும், தளம் முழுவதும் அவற்றை நோக்கி மெல்லச் சரிந்திருப்பதும் தெரியும். சதுக்கத்தில் விழும் மழைநீர் அத்துளைகள் வழியே இறங்கி, கீழே களிமண் பூசிய பெரிய குழியில் நிரப்பிய மணலில் வடிகட்டப்பட்டு, நடுவில் உள்ள கிணற்றுக் குழாய்க்குள் சேரும்படி அமைத்திருக்கிறார்கள். பார்வைக்குக் கிணறு, உண்மையில் அது மழைநீர்த் தொட்டி. 1884இல் பெருநிலப் பகுதியிலிருந்து குழாய் நீர் வரும்வரை நகரம் பெரிதும் இவற்றையே நம்பியிருந்தது. இதைத் தெரிந்துகொண்டு நான்கு சதுக்கங்களை நடந்து பார்த்தவருக்கு, எந்தச் சதுக்கம் எத்தனை வீடுகளுக்கு நீர் கொடுத்திருக்கும் என்று கணக்கிடும் ஆர்வம் தானாக வந்துவிடும்.

மதிலைத் தேடும் நடையும் அதே அளவுக்குச் சுவையானது. வியன்னாவின் மதில்களை இடிக்க 1857இல் பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃப் ஆணையிட்டார். அவை நின்ற தடத்தில் எழுந்த ரிங்ஸ்டிராஸ என்ற அகன்ற சாலை 1865இல் திறக்கப்பட்டது. இத்தாலியின் லூக்கா நகரம் தன் மதிலை இடிக்காமல், அதன் மேற்புறத்தை மரங்கள் சூழ்ந்த நடைபாதையாக்கிக்கொண்டது. எடின்பரோவில் நெதர்போ வாயில் இன்று இல்லை. ஆனால் அது நின்ற இடத்தைச் சாலையின் நடுவே பதித்த பித்தளைத் துண்டுகள் காட்டுகின்றன. பெர்லினில் சுவர் ஓடிய தடத்தை இரட்டை வரிசைக் கற்கள் தரையில் தொடர்ந்து சொல்கின்றன. எந்தப் பழைய நகரின் வரைபடத்திலும் அகன்ற சாலையொன்று நகரின் நடுப்பகுதியை வளைத்து ஓடினால், அது மதில் இருந்த தடமா என்று முதலில் ஐயுறுவது நல்லது.

ஒரு நடை எவ்வளவு தூரம் இருக்கலாம்?

தட்டையான பாதையில் மணிக்கு 5 கி.மீ. நடப்பவர்கூட, பார்த்துக்கொண்டே போகும்போது 3 கி.மீ. தாண்டுவதில்லை. 4 கி.மீ. பாதையில் 16 இடங்கள் இருந்து, ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் நின்றால், நிற்பதற்கு மட்டுமே 160 நிமிடம் ஆகும். நடக்கும் நேரத்தையும் சேர்த்தால் நான்கு மணி நேரம். அதாவது காகிதத்தில் சிறியதாகத் தெரியும் பாதை அரை நாளை விழுங்கிவிடும். ஏற்றம் இருந்தால் இன்னும் கூடும். ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்குப்படி, ஏறத்தாழ 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். நகர அளவுக்குச் சுருக்கினால், 10 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு நிமிடம். மேட்டில் தொடங்கிப் பள்ளத்தில் முடிப்பது எப்போதும் நல்லது. எடின்பரோவின் ராயல் மைல் சாலையைக் கோட்டையில் தொடங்கி ஹோலிரூட் அரண்மனையை நோக்கி நடந்தால் முழுவதும் இறக்கம். எதிர்த்திசையில் நடப்பவர்கள் பாதி வழியில் கட்டடங்களைப் பார்ப்பதை விட்டு மூச்சு வாங்குவதைக் கவனிக்கத் தொடங்குகிறார்கள்.

முதல் நடைக்கு 2 முதல் 3 கி.மீ. தூரமும் ஆறு இடங்களும் தாராளமாகப் போதும்.

எந்த வரைபடத்தை எடுத்துச் செல்வது?

இரண்டு வேண்டும்: இன்றைய வரைபடம் ஒன்று, பழைய வரைபடம் ஒன்று. பல பெரிய நூலகங்கள் தம் பழைய வரைபடங்களை இணையத்தில் பார்க்க வைத்திருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தத் தெருக்கள் மாறவில்லை, எவை புதிதாக அறுத்துச் செல்கின்றன என்று முந்தைய நாள் இரவு அரை மணி நேரம் பார்த்துவிட்டால், மறுநாள் தெருவில் நிற்கும்போது கண்ணுக்குப் பாதி வேலை குறைந்துவிடும்.

பழைய வரைபடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஜாம்பத்திஸ்தா நோல்லி 1748இல் வெளியிட்ட ரோம் வரைபடம். அவர் வீடுகளைக் கருமையாகவும் தெருக்களை வெள்ளையாகவும் வரைந்ததோடு நிற்கவில்லை. தேவாலயங்களின் உட்புறங்களையும் தூண் மண்டபங்களையும்கூட வெள்ளையாகவே விட்டார். மக்கள் கால் வைக்கக்கூடிய இடமெல்லாம் ஒரே வெள்ளைப் பரப்பாக ஓடுகிறது. நடைப் பாதை வகுப்பவர் அதே கண்ணோடு தம் வரைபடத்தைப் பார்த்து, எந்த முற்றங்களுக்குள் நுழையலாம், எந்த மண்டபத்தின் ஒரு வாசலில் புகுந்து மறு வாசலில் வெளியேறலாம் என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

கைபேசியில் வைத்துக்கொள்ள, 2004இல் தொடங்கிய, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்டிரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் தரவைப் பயன்படுத்தும் ஆப்கள் வசதியானவை. சந்துகளையும் படிக்கட்டுகளையும் காட்டுவதோடு, இணைய இணைப்பு இல்லாதபோதும் இயங்கும்படி நகரம் முழுவதையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். இருந்தாலும், பாதையை ஒரு தாளில் கையால் வரைந்து சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வரையும்போதே பாதி மனத்தில் பதிந்துவிடும். பேட்டரி தீர்ந்தாலும் கவலை இல்லை.

பழைய சந்துகளில் ஜிபிஎஸ் ஏன் தடுமாறுகிறது?

செயற்கைக்கோள்களின் சமிக்ஞை நேராக வந்து சேர்ந்தால்தான் கைபேசி தன் இடத்தைச் சரியாகக் கணிக்கும். உயர்ந்த சுவர்களுக்கு நடுவே உள்ள சந்தில் வானம் ஒரு கீற்றாக மட்டுமே தெரிகிறது. சமிக்ஞைகள் சுவர்களில் மோதித் திரும்பி, சற்று நீண்ட வழியில் வந்து சேர்கின்றன. அந்தச் சிறு தாமதத்தைக் கைபேசி தூரமாகக் கணக்கிட்டு, உங்களைப் பக்கத்துச் சந்தில் நிறுத்திவிடுகிறது. எனவே நீலப் புள்ளியைவிட, கடந்து வந்த குறுக்குத் தெருக்களின் எண்ணிக்கையை நம்புங்கள். "இடப்புறம் மூன்றாவது திருப்பம்" என்ற குறிப்பு எந்தச் சுவரிலும் மோதித் திரும்பாது.

தெருப் பெயர்களிலிருந்தும் கதவிலக்கங்களிலிருந்தும் என்ன தெரிந்துகொள்ளலாம்?

நகரம் தன் கையாலேயே எழுதி ஒட்டிவைத்த வரலாறு அவை. எந்த நகருக்குப் போகும் முன்பும், அங்குள்ள தெருப் பெயர்களில் அடிக்கடி வரும் பத்துச் சொற்களின் பொருளைத் தெரிந்துகொண்டு போவதைப்போல் பயன்தரும் முன்னேற்பாடு வேறு இல்லை.

இங்கிலாந்தின் யார்க் நகரில் பல தெருப் பெயர்கள் 'கேட்' என்று முடியும். ஆங்கிலம் தெரிந்தவர்கள் அங்கே ஒரு வாயில் இருந்ததாக எண்ணிவிடுவார்கள். ஆனால் அச்சொல், அந்நகரை ஆண்ட வைக்கிங்குகளின் மொழியில் தெரு என்று பொருள்படும் 'கட்டா' என்பதிலிருந்து வந்தது. மதிலின் வாயில்களுக்கோ அங்கே 'பார்' என்று பெயர். 'காப்பர்கேட்' என்றால் தாமிரத் தெரு அல்ல. மரக் கிண்ணம் கடைவோர் தெரு. 1976 முதல் 1981 வரை அத்தெருவில் அகழ்ந்தபோது, மண்ணுக்கடியிலிருந்து கடைந்த மரக் கிண்ணங்களும் கடைசல் கழிவுகளும் வெளிவந்தன. ஆயிரம் ஆண்டுகளாகப் பெயர்ப்பலகை சொல்லிவந்ததை மண் உறுதி செய்தது.

வெனிஸில் 'ரியோ தெரா' என்று தொடங்கும் தெரு, மண் இட்டு மூடிய கால்வாய். அதன் அகலமும் வளைவும் மற்றச் சந்துகளிலிருந்து ஏன் வேறுபடுகின்றன என்பது அப்போது விளங்கும். அங்கே கதவிலக்கங்கள் தெருவுக்குத் தெரு தொடங்குவதில்லை. நகரின் ஆறு வட்டாரங்களுக்கும் தனித்தனியாக ஒரே வரிசையில் ஓடி ஆயிரங்களைத் தாண்டிவிடுகின்றன. தெருப் பெயரில்லாமல் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு போனவர் அலைய வேண்டியதுதான்.

பாரிஸில் நேர் எதிரான ஒழுங்கு உண்டு. 1805இல் வகுத்த முறைப்படி, சேன் ஆற்றுக்குக் குறுக்கே ஓடும் தெருக்களில் எண்கள் ஆற்றங்கரையில் தொடங்குகின்றன. ஆற்றுக்கு இணையாக ஓடும் தெருக்களில் நீரோட்டத்தின் திசையில் ஏறுகின்றன. ஆற்றை விட்டு விலகி ஓடும் தெருவில் கதவிலக்கம் குறைந்துகொண்டே வந்தால், ஆற்றை நோக்கி நடக்கிறீர்கள் என்று வரைபடம் இல்லாமலே அறியலாம்.

பிராகாவில் ஒரே வீட்டின் முகப்பில் சிவப்பு ஒன்றும் நீலம் ஒன்றுமாக இரண்டு எண் பலகைகள் இருக்கும். சிவப்பு, அந்த வட்டாரத்தில் வீடு பதிவான வரிசையைச் சொல்வது. நீலம், தெருவில் அது நிற்கும் வரிசையைச் சொல்வது. 1770இல் எண்கள் வருவதற்கு முன்பு வீடுகள் சின்னங்களால் அறியப்பட்டன. நெருடோவா தெருவில் இரண்டு சூரியன்கள், மூன்று வயலின்கள் முதலிய சின்னங்கள் இன்னும் கதவுகளுக்கு மேலே இருக்கின்றன. கியோட்டோவில் முகவரியே ஒரு நடைக் குறிப்பு: இரு தெருக்கள் சந்திக்கும் இடத்தைச் சொல்லிவிட்டு, அங்கிருந்து 'ஏறு' என்றால் வடக்கே, 'இறங்கு' என்றால் தெற்கே. 794இல் சதுரக் கட்டங்களாக வகுக்கப்பட்ட நகரில் அது துல்லியமாக வேலை செய்கிறது.

கட்டடக்கலை பற்றி ஒன்றும் தெரியாது. எதைப் பார்ப்பது?

பாணிகளின் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வேலை செய்த பொருள்களைப் பாருங்கள். கட்டடத்தின் அழகை விளக்கச் சிறப்புச் சொற்கள் வேண்டும். அதன் பயனை ஊகிக்கப் பொது அறிவு போதும்.

ஆம்ஸ்டர்டாமின் கால்வாயோர வீடுகளின் உச்சியில் ஓர் உத்தரம் நீண்டு, அதன் நுனியில் கொக்கி தொங்கும். வீட்டின் முகப்பும் சற்று முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். உள்ளே படிக்கட்டு குறுகலானது என்பதால் சரக்கையும் மேசை நாற்காலிகளையும் கயிறு கட்டி வெளியிலிருந்தே தூக்கினார்கள். தூக்கும்போது சுவரில் இடிக்காமல் இருக்க அந்தச் சாய்வு. பல ஐரோப்பிய நகரங்களின் பெரிய வாயில்களில், அடிப்புறத்தின் இரு பக்கமும் உருண்டையான கல் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். குதிரை வண்டியின் சக்கரம் சுவர் மூலையைச் சிதைக்காமல் தள்ளிவிடுவது அதன் வேலை. இங்கிலாந்தில் சில பழைய வீடுகளில் சன்னல் இருக்க வேண்டிய இடம் செங்கல்லால் அடைபட்டிருக்கும். 1696 முதல் 1851 வரை அங்கே சன்னல்களின் எண்ணிக்கையைப் பொறுத்து வரி விதித்தார்கள். ஆயினும் அடைபட்ட சன்னலெல்லாம் வரிக்கு அஞ்சி அடைத்தவை அல்ல. முகப்பின் ஒழுங்குக்காகத் தொடக்கத்திலேயே அப்படிக் கட்டியவையும் உண்டு.

அடுத்து வடிவத்தைப் பாருங்கள். ரோமின் பியாஸ்ஸா நவோனா ஏன் நீண்டு ஒரு முனையில் வளைந்திருக்கிறது? முதலாம் நூற்றாண்டில் பேரரசர் டொமிஷியன் கட்டிய ஓட்டப் பந்தயத் திடலின்மேல் வீடுகள் எழுந்ததால். லூக்காவில் நீள்வட்டமாக வீடுகள் சூழ்ந்த சதுக்கம், ரோமானியர் காலத்து வட்டரங்கின் அச்சு அப்படியே.

கடைசியாகத் தரை மட்டம். இஸ்தான்புலில் பழைய குதிரைப் பந்தயத் திடலில் நிற்கும் பாம்புத் தூண், கி.மு. 479இல் பிளட்டீயாப் போரில் கிரேக்கர் பெற்ற வெற்றியின் நினைவாக டெல்ஃபியில் எழுப்பப்பட்டு, பின்னர் கொண்டுவரப்பட்டது. இன்று அது ஒரு பள்ளத்துக்குள் நிற்பதுபோல் தோன்றும். தூண் இறங்கவில்லை; அதைச் சுற்றி நகரம் உயர்ந்துவிட்டது. வேலியில் சாய்ந்து தூணின் அடியைப் பார்ப்பவர், பழைய நகரத்தார் நடந்த தரையைத்தான் பார்க்கிறார். ஃபுளோரன்ஸில் தலையை எதிர்த்திசையில் திருப்ப வேண்டும்: 1966 நவம்பர் 4ஆம் தேதி ஆர்னோ ஆற்று வெள்ளம் எட்டிய உயரத்தைக் குறிக்கும் சிறு பலகைகள் சில தெருக்களில் தலைக்கு மேலே, கையை நீட்டினாலும் தொட முடியாத உயரத்தில் இருக்கின்றன.

நினைவுப் பலகைகளில் எழுதியிருப்பதை நம்பலாமா?

யார் வைத்தார்கள், என்ன விதிப்படி வைத்தார்கள் என்று பார்த்துவிட்டு நம்பலாம். லண்டனில் 1866இல் தொடங்கிய நினைவுப் பலகைத் திட்டத்தை இப்போது இங்கிலிஷ் ஹெரிடேஜ் என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பு நடத்துகிறது. ஒருவர் இறந்து 20 ஆண்டுகள் கழிந்த பின்னரே அவருக்குப் பலகை வைக்கிறார்கள். எல்லாப் பலகைகளுக்கும் பின்னால் அத்தகைய கட்டுப்பாடு இருப்பதில்லை. "இங்கே தங்கினார் என்பர்" என்ற வாசகத்தில் 'என்பர்' என்ற சொல்லுக்கு உரிய எடையைக் கொடுங்கள்.

கட்டடமே பழையதுதானா என்ற கேள்வியும் எழும். வார்சாவின் பழைய நகரம் இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமாகி, ஓவியர் பெல்லோட்டோ 18ஆம் நூற்றாண்டில் தீட்டிய ஓவியங்கள் முதலியவற்றின் உதவியோடு மீண்டும் கட்டப்பட்டது. பிரான்சின் கர்க்கஸோன் கோட்டையின் கூம்புக் கூரைகளுக்கும் இன்றைய தோற்றத்துக்கும் 19ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டூக் மேற்கொண்ட சீரமைப்பு பெரும் காரணம். இவற்றைப் போலி என்று ஒதுக்குவது அவசரம். மீண்டும் கட்டியவர்கள் எதை நினைவில் வைத்துக்கொள்ள விரும்பினார்கள் என்பதும் வரலாறுதான். வார்சாவின் மறுகட்டுமானமே 1980இல் யுனெஸ்கோ பட்டியலில் அதற்கு இடம் பெற்றுத் தந்தது.

நாளின் எந்த நேரம் சிறந்தது?

விடியலுக்குப் பிந்தைய இரண்டு மணி நேரம். கூட்டம் இருக்காது என்பது ஒரு காரணம். ஒளி சாய்வாக விழும் என்பது அதைவிட முக்கியமான காரணம். தேய்ந்துபோன கல்வெட்டு உச்சி வெயிலில் வெறும் கல்லாகத் தெரியும். அதே கல்லைக் காலையிலோ மாலையிலோ பக்கவாட்டு ஒளியில் பார்த்தால், ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் நிரம்பிப் படிக்க முடியும். கிழக்கு நோக்கிய முகப்புகளைக் காலையிலும் மேற்கு நோக்கியவற்றை மாலையிலும் வைத்துப் பாதையை வகுக்கலாம்.

உள்ளே நுழைய வேண்டிய இடங்களின் நேரத்தைத் தனியாகச் சரிபாருங்கள். இத்தாலியில் பல தேவாலயங்கள் நண்பகலில் சில மணி நேரம் மூடியிருக்கும். இஸ்தான்புலின் சுல்தான் அகமது மசூதிக்குள் தொழுகை நேரங்களில் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை. ஃபெஸ் நகரின் அல்-கரவீயின் மசூதியை முஸ்லிம் அல்லாதோர் வாயிலில் நின்று மட்டுமே பார்க்க முடியும்.

ஆடியோ கைடு பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், ஒரு காதில் மட்டும். தெருவின் ஒலியும் வண்டியின் மணியும் மறு காதுக்கு வேண்டும். ஒலிப்பதிவை நடந்துகொண்டே கேட்பதைவிட, ஓரிடத்தில் நின்று கேட்டுவிட்டு, நிறுத்திவிட்டு நடப்பது பயன்தரும்.

வழி தவறிவிட்டால் என்ன செய்வது?

பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பழைய நகரங்கள் சிறியவை. மதிலோ ஆறோ எங்காவது தடுத்து நிறுத்திவிடும். மக்கள் தம் நகரை மனத்தில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பாஸ்டன், ஜெர்ஸி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய மூன்று நகரங்களில் ஆராய்ந்த நகரத் திட்ட அறிஞர் கெவின் லிஞ்ச், வழிகள், விளிம்புகள், வட்டாரங்கள், சந்திப்புகள், அடையாளச் சின்னங்கள் என்ற ஐந்து கூறுகளை 1960இல் வகுத்துக் காட்டினார். கிளம்பும் முன் ஒரு விளிம்பையும் (ஆறு, மதில், கடற்கரை) உயரமான ஓர் அடையாளத்தையும் (கோபுரம், குன்று) மனத்தில் நிறுத்திக்கொண்டால், திசை தப்பினாலும் திரும்பிவிடலாம். ஒருமுறை குறிப்பைப் புரட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் எதிர்த்திசையில் நடந்த எனக்கு, அன்று கை கொடுத்தது தொலைவில் தெரிந்த ஒரு மணிக்கூண்டுதான். அப்போதும் தெளியவில்லை என்றால் வாயைத் திறந்து கேளுங்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.

மக்கள் குடியிருக்கும் தெருக்களில் எப்படி நடந்துகொள்வது?

திறந்த கதவு அழைப்பு அல்ல என்பதை முதலில் நினைவில் வைக்க வேண்டும். முற்றத்தில் துணி காய்ந்துகொண்டிருந்தால் அது வீடு. வாயிலில் நின்று பார்த்துவிட்டு நகர்வதே முறை. முகம் தெரியும்படி எவரையும் கேட்காமல் படமெடுக்க வேண்டாம். கியோட்டோவின் கியோன் வட்டாரத்தில் வருவோரின் தொல்லை பொறுக்காமல், குடியிருப்போர் 2024 முதல் சில தனியார் சந்துகளில் சுற்றுலாப் பயணிகள் நுழையத் தடை விதித்திருக்கிறார்கள். இதற்கு அவர்களைக் குறை கூற முடியாது. எழுதிய பாதை ஒன்று இத்தகைய சந்து வழியே போகிறது என்றால், பாதையைத்தான் மாற்ற வேண்டும்.

முதியவர்களோடும் சக்கர நாற்காலியோடும் போக முடியுமா?

நகரத்தைப் பொறுத்தது. வெனிஸின் பாலங்களில் பெரும்பாலானவை படிகளைக் கொண்டவை. அங்கே படகு நிறுத்தங்களுக்கு இடையே உள்ள தீவுத் துண்டுகளைத் தனித்தனி நடைகளாக வகுத்துக்கொள்வது நல்லது. லூக்கா மதிலின் மேற்புறம் அகலமாகவும் சமமாகவும் இருப்பதால், சரிவுப் பாதை வழியே ஏறிவிட்டால் 4 கி.மீ.க்குச் சற்று மேற்பட்ட சுற்று முழுவதையும் சிரமமின்றிக் கடக்கலாம். இத்தாலியின் பொலோன்யாவில் தெருவோரக் கட்டடங்களை ஒட்டிய தூண் தாழ்வாரங்கள் மொத்தம் 62 கி.மீ. நீளத்துக்கு ஓடுகின்றன, வெயிலும் மழையும் அங்கே தடையில்லை. உருளைக்கல் பாவிய தெருக்கள் மட்டும் எல்லோருக்கும் கடினம். மழை பெய்தால் வழுக்கும். அடித்தளம் தடித்த, நன்கு பழகிய காலணியை அணியுங்கள்.

பொதுக் கழிப்பறை, குடிநீர், உட்கார இடம் ஆகிய மூன்றையும் வரைபடத்தில் முன்பே குறித்துவிடுங்கள். ரோமில் குடிநீருக்குக் கவலை இல்லை. தெருவோரங்களில் இடைவிடாமல் ஓடும் இரும்புக் குழாய்களின் வாயை விரலால் அடைத்தால், மேலே உள்ள சிறு துளை வழியே நீர் வளைந்து எழும், குனியாமல் குடிக்கலாம்.

என் நடைப் பாதையைப் பிறருக்காக எழுதி வைக்க விரும்புகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

திசையை எப்போதும் நடப்பவரின் கைப்பக்கத்தை வைத்துச் சொல்லுங்கள். "கோயிலின் இடப்புறம்" என்றால் கோயிலைப் பார்த்து நிற்பவரின் இடமா, கோயிலின் இடமா என்ற குழப்பம் எழும். கடைகளை அடையாளமாகக் காட்டாதீர்கள். அவை அடுத்த ஆண்டு வேறொன்றாகியிருக்கும். பாலம், படிக்கட்டு, கோபுரம், சிலை என்று நகராதவற்றைச் சொல்லுங்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு தடுப்புக் குறிப்பும் சேர்க்க வேண்டும்: "பாலத்தை அடைந்துவிட்டால், திருப்பத்தைத் தவறவிட்டீர்கள்." வழி சொல்லும் வரிகளையும் வரலாறு சொல்லும் வரிகளையும் கலக்காமல் தனித்தனிப் பத்திகளாக வைத்தால், தெருவில் நின்று படிப்பவருக்குத் தேவையானது உடனே கண்ணில் படும். கடைசியாக நடந்து சரிபார்த்த மாதத்தையும் ஆண்டையும் மேலே எழுதிவிடுங்கள்.

பிறகு, அந்த ஊரை அறியாத ஒருவரிடம் தாளைக் கொடுத்து முன்னே நடக்கச் சொல்லி, நீங்கள் பத்தடி பின்னால் வாய் திறக்காமல் போங்கள். அவர் தயங்கி நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் திருத்த வேண்டிய வரி ஒன்று இருக்கும்.